தேர்ச்சிக்கேற்ற மானியமும் பள்ளிக் குழந்தைகளும்

தேர்ச்சிக்கேற்ற மானியம் என்பது, தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு தரும் பணத்தை, அப்பள்ளிக் குழந்தைகள் தேர்வில் பெறும் வெற்றியைக் கணக்கிட்டு வழங்கிய முறையாகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1862 ஆம் ஆண்டின் திருத்திய கல்வி விதித்தொகுப்பு இதைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் முழு வலிமையோடு நடைமுறையில் இருந்த இம்முறை 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அயர்லாந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, சென்னை மாகாணம் ஆகியவற்றிலும் இதன் வடிவங்கள் பரவின.

வரிப்பணம் வீணாகாமல் பார்ப்பதும் ஆசிரியரைக் கண்காணிப்பதுமே இதன் நோக்கம். ஆயினும் அரசுக்கு ஆசிரியரும் பள்ளி நிர்வாகமும் சொல்ல வேண்டிய கணக்கை, ஆய்வாளரின் முன் நின்று சொன்னவர்கள் ஆறேழு வயதுக் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்கு எத்தனை ஷில்லிங் ஈட்டித் தரும், எந்தப் பாடத்தில் தவறினால் எத்தனை பென்ஸ் குறையும் என்பதெல்லாம் அச்சிட்ட விதியிலேயே இருந்தன. பள்ளிக் கல்வி வரலாற்றில் குழந்தையின் தலைக்கு இவ்வளவு துல்லியமாக விலை எழுதப்பட்ட காலம் அரிது.

பின்னணி

இங்கிலாந்தில் ஏழைக் குழந்தைகளின் கல்வி நெடுங்காலம் தேவாலய அமைப்புகளின் கையில் இருந்தது. அரசு முதன்முதலாக 1833 இல் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுன் ஒதுக்கியது. 1839 இல் கல்விக்கான குழு ஒன்று அமைந்தது. 1846 இல் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தது. 13 வயது நிரம்பிய நல்ல மாணவர்கள் ஐந்தாண்டு தலைமை ஆசிரியரிடம் தொழில் பழகுவர். அவர்களுக்கு அரசே உதவித்தொகை தரும். சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் ஊதியத்தோடும் அரசு ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தது. பள்ளிகள் பெருகின, செலவும் பெருகியது. 1860களின் தொடக்கத்தில் ஆண்டு மானியம் எட்டு லட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. கிரிமியப் போரின் கடனைச் சுமந்துகொண்டிருந்த அரசுக்கு இது உறுத்தியது.

1858 இல் நியூகாசில் கோமகன் தலைமையில் அமைந்த ஆணையம் 1861 இல் அறிக்கை அளித்தது. பள்ளிகள் மேல்வகுப்பு மாணவர்களைக் கவனித்துச் சின்னஞ்சிறுவர்களைக் கைவிட்டுவிடுகின்றன, எழுதப் படிக்கக் கணக்குப் போடத் தெரியாமலேயே பலரும் பள்ளியை விட்டுப் போகின்றனர் என்பது அதன் முக்கியக் குறை. இந்தக் குறை பொய்யன்று. சிறு குழந்தைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நல்ல காரணமே பின்னர் அவர்கள் மீது விழுந்த சுமைக்கு வாசலாக அமைந்தது.

அப்போது கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தவர் இராபர்ட் லோ. லிபரல் கட்சியைச் சேர்ந்த அவர் தடையற்ற வணிகக் கொள்கையில் அழுத்தமான நம்பிக்கை உடையவர். வணிகத்தில் சரக்கைப் பார்த்துப் பணம் கொடுப்பது போலக் கல்வியிலும் விளைவைப் பார்த்துப் பணம் கொடுக்கலாம் என்று அவர் வாதிட்டார். புதிய முறையில் கல்வி மலிவாக அமையாவிட்டால் திறமானதாக அமையும், திறமானதாக அமையாவிட்டால் மலிவாகவாவது அமையும் என்று 1862 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அவர் சொன்னது பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. இரண்டில் மலிவு என்பது உடனே நிறைவேறியது. 1860களின் நடுவில் மானியத் தொகை ஏறத்தாழ 6,37,000 பவுனாகக் குறைந்துவிட்டது.

விதிகள்

1861 இல் வெளியான முதல் வரைவில் குழந்தைகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். முதல் பிரிவு மூன்று வயதிலேயே தொடங்கியது. மழலைகளைத் தனித்தனியே தேர்வு செய்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. அதன் பின் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனித் தேர்வு நீக்கப்பட்டது. ஆய்வாளர் பொதுவாக வகுப்பைப் பார்த்து நிறைவடைந்தால் அவர்களுக்குத் தலைக்கு 6 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைக்கும்.

ஆறு வயது கடந்தவர்களின் கணக்கு வேறு. சராசரி வருகையின் அடிப்படையில் தலைக்கு 4 ஷில்லிங். அதன் மேல், ஓர் ஆண்டில் 200 முறைக்கு மேல் வகுப்புக்கு வந்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 8 ஷில்லிங். காலை வருகையும் மாலை வருகையும் தனித்தனியாக எண்ணப்பட்டதால் 200 என்பது நூறு நாள். இந்த 8 ஷில்லிங்தான் தேர்வைப் பொறுத்தது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் எட்டும் போய்விடும்.

நூறு குழந்தைகள் தேர்வுக்கு நின்ற ஒரு பள்ளியில் அனைவரும் தேறினால் 40 பவுன் வரும். அவர்களில் 30 பேர் கணக்கில் மட்டும் தவறினால் 4 பவுன் குறையும். மானியம் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. ஆசிரியரின் ஊதியத்தை நிர்வாகமே பேசி முடித்தது. பல இடங்களில் மானியத்தில் ஒரு பங்கே ஆசிரியரின் வருவாயாக இருந்தது. ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் செய்த நிர்வாகங்கள் சென்ற தேர்வில் எத்தனை விழுக்காடு தேர்ச்சி காட்டினார் என்று கேட்கத் தொடங்கின.

பாடங்கள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டன. முதல் தரத்தில் குழந்தை ஓரசைச் சொற்களால் ஆன சிறு கதையைப் படிக்க வேண்டும். சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் சிலேட்டில் எழுத வேண்டும். 20 வரை எண்களை எழுதவும் 10 வரை கூட்டிக் கழிக்கவும் தெரிய வேண்டும். மூன்றாம் தரத்தில் எளிய வகுத்தல். ஆறாம் தரத்தில் செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படிப்பதும், சரக்குப் பட்டியலுக்கு விலை போடுவதும். எதுவும் தன்னளவில் கடினமானதன்று. பெண் குழந்தைகள் இவற்றோடு தையலும் கற்றாக வேண்டும்; அது மானியம் பெறுவதற்கான நிபந்தனை. ஆனால் தையலுக்குச் செலவான நேரத்துக்காகக் கணக்குத் தேர்வின் விதி தளரவில்லை.

ஒரு குழந்தையை ஒரே தரத்தில் இரண்டாம் முறை தேர்வுக்கு நிறுத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டாம் தரத்தில் படிப்பில் தவறிய பையனும் அடுத்த ஆண்டு மூன்றாம் தரத்துக்கே நிற்க வேண்டும். அவனுக்கு இரண்டாம் தரப் பாடத்தை மீண்டும் நிதானமாகக் கற்றுக்கொடுப்பதில் பள்ளிக்கு வருமானம் இல்லை. இதற்கு ஆசிரியர்கள் கண்ட வழி, திறமையுள்ள குழந்தையையும் அதன் தகுதிக்குக் கீழான தரத்திலேயே தொடங்க வைப்பது. கெட்டிக்காரக் குழந்தை தேறிவிடும் என்பதால் கவனிப்பாரற்று உட்கார்ந்திருந்தது. மந்தமான குழந்தையோ நாள் முழுவதும் விரட்டப்பட்டது.

ஆய்வு நாள்

ஆண்டில் ஒரு நாள் அரசின் ஆய்வாளர் உதவியாளரோடு வருவார். அந்த நாள் முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் தம்மிடம் உள்ள நல்ல உடையில் வருவார். குழந்தைகளும் முகம் கழுவித் தலைவாரி வந்திருப்பர். கிராமப் பள்ளிகளில் ஆய்வாளரின் குதிரை வண்டிச் சத்தத்துக்காகப் பள்ளியே காது கொடுத்துக் காத்திருந்ததை அக்காலத்தில் படித்தவர்களின் நினைவுகள் சொல்கின்றன. குழந்தை ஆய்வாளர் முன் போய் நிற்கும், புத்தகத்தில் சில வரிகள் படிக்கும், சிலேட்டில் எழுதிக் காட்டும். அட்டவணையில் ஒரு குறி விழும். ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே. ஆசிரியர் ஒதுங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் வாயிலிருந்து வரும் சொல்லில்தான் அவருடைய முகம் மாறுகிறது என்பது குழந்தைக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

படித்தல் தேர்வுக்கு அவ்வாண்டுப் பாடப் புத்தகத்திலிருந்தே பகுதி கொடுக்கப்பட்டது. ஆகவே சில பள்ளிகளில் ஆண்டு முழுவதும் அந்த ஒரே புத்தகம் திரும்பத் திரும்ப ஒப்பிக்கப்பட்டது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்குதடையின்றிப் படித்த குழந்தைகளைப் பற்றிய கதைகள் உலவின. கதை மிகையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மை நிலைமை அதற்கு இடம் கொடுத்தது. கவிஞரும் திறனாய்வாளருமான மத்தேயு ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். விதித்தொகுப்பு வந்த 1862 ஆம் ஆண்டிலேயே அவர் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதினார், தம் மேலதிகாரி லோ என்பதையும் பொருட்படுத்தாமல். குழந்தைக்கு உண்மையில் படிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாமலேயே, தக்க பயிற்சியால் மூன்று தேர்விலும் அதைத் தேறச் செய்ய முடிகிறது என்று பின்னர் அவர் தம் அலுவல் அறிக்கைகளிலும் எழுதினார்.

வராத குழந்தைக்குப் பணம் இல்லை. ஆகவே நோயுற்ற குழந்தைகளும் ஆய்வு நாளில் பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மையும் செங்காய்ச்சலும் கண்ட குழந்தைகளைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்து தேர்வுக்கு உட்கார வைத்ததை ஆய்வாளர்களின் நினைவுக் குறிப்புகளே பதிவு செய்துள்ளன. அதைச் செய்த ஆசிரியரைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது. அவருடைய வாடகையும் மளிகைக் கடனும் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே விழும் குறியில் இருந்தன. மாணவ ஆசிரியர்களுக்கான நேரடி உதவித்தொகையும் நின்றுபோனதால் உதவிக்கு ஆளும் குறைந்திருந்தது. பிரம்புக்கு வேலை கூடியது.

வேலைக்குப் போகும் வாசலும் இந்தத் தரங்களின் வழியே திறந்தது. 1880 இல் 5 முதல் 10 வயது வரை பள்ளி வருகை கட்டாயமாயிற்று. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அந்தந்த ஊர் விதி குறித்த தரத்தைத் தேறிவிட்டால் பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லலாம். ஏழைக் குடும்பத்தில் நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கிடைத்த பரிசு, மற்றவர்களுக்கு முன்பாகவே ஆலைக்கும் வயலுக்கும் போகும் உரிமை.

மிகைச்சுமை விவாதம்

கட்டாய வருகை, அதுவரை பள்ளி வாசலை மிதிக்காத மிக ஏழைக் குழந்தைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. காலை உணவின்றி வந்த அவர்களும் மற்றவர்களைப் போலவே அதே நாளில் அதே தரத்தைத் தேற வேண்டும். 1880களின் தொடக்கத்தில் குழந்தைகளின் மூளைக்கு மிகைச்சுமை ஏற்றப்படுகிறது என்ற குரல் மருத்துவர்களிடமிருந்தும் ஆசிரியர் சங்கத்திடமிருந்தும் எழுந்தது. செய்தித்தாள்களில் ஓயாத வாதம் நடந்தது.

மனநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிரிக்டன் பிரவுன் 1884 இல் இலண்டனின் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தார். 6,580 குழந்தைகளிடம் விசாரித்ததில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் தங்களுக்கு அடிக்கடி தலைவலி வருவதாகச் சொன்னார்கள் என்று அவர் எழுதினார். தூக்கமின்மை, தூக்கத்தில் பாடத்தைப் பிதற்றுதல், கிட்டப்பார்வை ஆகியவற்றையும் பேசினார். பட்டினியாக வரும் குழந்தைக்குப் பாடத்துக்கு முன் பாலும் ரொட்டியும் வேண்டும் என்பதும் அவர் வாதம்.

அவரோடு பள்ளிகளுக்குச் சென்ற ஆய்வாளர் ஜோஷுவா ஃபிட்ச் மறுப்புரை எழுதினார். இரண்டும் சேர்த்தே நாடாளுமன்ற ஆவணமாக அச்சாயின. வகுப்பின் முன் நின்று யாருக்கெல்லாம் தலைவலி வருகிறது என்று கேட்டால் குழந்தைகள் கை தூக்கத்தான் செய்வார்கள், இது அறிவியல் ஆகாது என்பது ஃபிட்ச் கண்ட குறை. இந்தக் குறை நியாயமானதே. பெரியவர் எதிர்பார்க்கும் விடையைத் தருவதற்குத்தானே அந்தக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் பழக்கப்பட்டிருந்தனர்! ஆனால் அதே குழந்தைகள் ஆய்வாளர் முன் ஒப்பித்ததைக் கல்வித் தேர்ச்சி என்று நம்பி ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பவுன் வழங்கப்பட்டதை ஃபிட்ச் இதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. விவாதம் தீர்ப்பின்றி முடிந்தது. இருந்தாலும் பள்ளிக் குழந்தையின் உடல்நலம், உணவு பற்றிய பேச்சு அதன் பின் ஓயவில்லை. பள்ளி உணவுச் சட்டம் 1906 இல் வந்தது.

அதே 1884 இல் வீட்டுப்பாடம் நீதிமன்றம் ஏறியது. வீட்டுப்பாடம் செய்யாத சிறுவனைப் பள்ளி முடிந்த பின் தலைமை ஆசிரியர் நிறுத்திவைத்தார். ஹன்டர் எதிர் ஜான்சன் என்ற அவ்வழக்கில், கல்விச் சட்டங்கள் வீட்டுப்பாடத்தைக் கட்டாயமாக்க இடம் தரவில்லை, ஆகவே அதற்காகக் குழந்தையை நிறுத்திவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. சிறு குழந்தைகளின் வீட்டுப்பாடத்துக்கு நீதிமன்றம் எல்லை வகுப்பது அதோடு முடிந்த கதையன்று. 134 ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதத்தில், 1, 2 ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட நேர்ந்தது.

கைவிடப்பட்ட விதம்

1867 முதல் வரலாறு, புவியியல் போன்ற பாடங்களுக்கும் மானியம் சேர்க்கப்பட்டது; 1882 இல் பள்ளியின் பொதுத் தரத்தைப் பார்த்துத் தரும் தகுதி மானியம் வந்தது. ஒவ்வொரு திருத்தமும் பழைய விதியின் கடுமையைத் தணிக்க வந்து, புதிதாக ஒரு தேர்வைச் சேர்த்துவிட்டுப் போனது. 1886 முதல் 1888 வரை விசாரித்த கிராஸ் ஆணையத்தின் முன் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் விரிவாகச் சாட்சியம் அளித்தனர். 1890 ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, அடிப்படைப் பாடங்களில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை நீக்கியது. 1895 இல் அறிவித்து நடத்தும் ஆண்டுத் தேர்வுக்குப் பதில் முன்னறிவிப்பில்லாத பார்வையிடல் வந்தது. எஞ்சிய பகுதிகளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறைந்தன.

விதி போனாலும் பழக்கம் போகவில்லை. தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911 இல் வெளியிட்ட நூலில், தாமும் பங்கேற்ற இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். முப்பது ஆண்டு கட்டுப்பட்டே பழகிய ஆசிரியர்கள், கட்டு அவிழ்ந்த பின்னும் அதே வழியில் பாடம் நடத்துவதை அவர் அதில் விவரித்தார்.

சென்னை மாகாணத்தில்

1854 ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின் இந்தியாவில் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழக்கம் வந்தது. சென்னை மாகாணம் 1860களில் தேர்ச்சிக்கேற்ற மானியத்தைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிகளை அரசின் பார்வைக்குள் இழுக்க இது எளிய கருவியாக இருந்தது. திண்ணை வாத்தியாரிடம் அரசின் சான்றிதழ் இல்லை. பெற்றோர் தரும் காசும் நெல்லும் பண்டிகை நாள் கொடையுமே அவர் வருவாய். அவருடைய பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினால் அரசும் பணம் தரும் என்று சொல்வதில் அரசுக்கு இழப்பு இல்லை. தேறாவிட்டால் செலவும் இல்லை.

திண்ணைப் பள்ளியில் மனப்பாடமே கல்வியாக இருக்கிறது என்பது ஆங்கில அதிகாரிகள் அக்காலத்தில் வழக்கமாக எழுதிய குறை. எண்சுவடியும் ஆத்திசூடியும் ஓதி வளர்ந்த அந்தப் பள்ளிகளுக்கு அவர்கள் மருந்தாகக் கொண்டுவந்த மானிய முறை, இங்கிலாந்தின் கிராமப் பள்ளிகளில் ஒரே பாடப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்த அதே முறைதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளை அதுவரை தன் வேகத்தில் ஒரு சுவடியை முடித்து அடுத்ததற்குப் போனான். இப்போது பிள்ளைகள் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கப்பட்டு, பார்வையிட வரும் அதிகாரிக்காக ஆயத்தமாயினர்.

வில்லியம் ஹன்டர் தலைமையில் 1882 இல் அமைந்த இந்தியக் கல்வி ஆணையம், கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டாம் என்றும், தொடக்கப் பள்ளிகளின் மானியத்தைப் பெருமளவு தேர்வு முடிவைப் பார்த்தே தரலாம் என்றும் பரிந்துரைத்தது. இளைஞர்களுக்கு ஒவ்வாது என்று விலக்கிய ஒன்று சிறு குழந்தைகளுக்குத் தகும் என்று கருதப்பட்டது. இங்கிலாந்தில் கிரிக்டன் பிரவுனின் அறிக்கையைச் சுற்றி வாதம் நடந்த ஆண்டுகளும் இவையே. இலண்டன் இம்முறையைக் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் அது நீடித்தது. கர்சன் பிரபுவின் அரசு 1904 மார்ச்சில் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் அதற்கு முடிவு கட்டியது; அதன் பின் மானியம் பள்ளியின் பொது நிலையைப் பார்த்து வழங்கப்பட்டது.